மறைந்த உருவைக் காணும் வகை

கடந்த கோடை விடுமுறையில், திருப்பூரை அடுத்த வீரபாண்டியில், எம் மாமா இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய சிறு பனியன் கம்பெனியில் அச்சிட்ட துணியொன்று செக்கிங் மேஜைமேல் விரிக்கப்பட்டிருந்தது. இரண்டு விரலகல இடைவெளியில் ஒரே நீலப்பூ வரிசை வரிசையாய் நின்றது. களைத்த கண்ணோடு அதனை வெறித்து நோக்கியிருக்குங்கால், துணி மேஜைக்குக் கீழே இரண்டு சாண் ஆழ்ந்தாற்போலத் தோன்றிற்று. அதனினும் வியப்பு, ஒரு மூலையிற் சில பூக்கள் மட்டும் மேலே மிதந்தன! அளந்து பார்த்தோம். அவை சற்றே நெருங்கி அச்சாகியிருந்தன.

இதனை வெறும் மயக்கமென்று தள்ளற்க. ஸ்காத்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1844-லேயே சுவரில் ஒட்டும் சித்திரத் தாளைக்கொண்டு இதனை விளக்கினார். நம் கண்களிரண்டும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் விலகியுள்ளன. பார்வை துணிக்கு அப்பாற் செல்லுங்கால், இடக்கண் ஒரு பூவையும் வலக்கண் அதற்கு வலப்புறத்துப் பூவையும் பற்றும். மூளை இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, இரு பார்வைக் கோடுகளும் கூடுமிடத்தில் வைக்கும். பூக்களின் இடைவெளி குறுகின், அவ்விடம் நமக்கு அண்மையில் வரும். மறைந்த உருவப் படங்களின் இரகசியம் இவ்வளவே.

அமெரிக்காவிற் பெலா யூலெஸ் என்பார் 1960-ல் வெறும் புள்ளிகளாலாய இரட்டைப் படங்களில் உருவை ஒளித்துக் காட்டினார். 1979-ல் கிறிஸ்தோபர் டைலர் அதனை ஒரே படத்தில் அடக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், வேறிருவருடன் இருகண் பார்வையைப்பற்றி எழுதிய கட்டுரை 1973-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. எமக்கோ பரீட்சைக் கட்டுரையே பெரும்பாடு!

இனிக் காணும் வகை கூறுவாம். படத்தை மூக்கு நுனியில் வைத்து, அதனை ஊடுருவித் தொலைவிலுள்ள மலையைப் பார்ப்பதுபோல நோக்குக. எல்லாம் மங்கும், மங்கட்டும். அந்நோக்கை மாற்றாமற் படத்தை மெல்ல ஒரு முழத்தொலைவிற்குக் கொணர்க. உருவம் அரும்பத் தொடங்கியதும் அதனை உற்றுப் பார்க்க விரைவோர் இழப்பர். யாம் பன்முறை இழந்தோம். மாறுகண்ணாக நோக்கின் மேடு பள்ளமாகும். படம் சாயாதிருத்தல் வேண்டும்.

மாமாவின் எட்டு வயது மகனுக்கு எத்துணை முயன்றும் புலப்படவில்லை. "அண்ணா, நீங்கள் பொய் சொல்கின்றீர்கள்" என்று அழுதான். யாம் நகைத்தோம்; அது பிழை. பின்னர் ஐயுற்று, ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டரைப் படிக்கச் சொன்னோம். இடக்கண்ணாற் பெரிய எண்களையும் அவன் படித்தானல்லன்! இத்தனை காலம் வலக்கண் ஒன்றாலேயே பார்த்து வந்தமையின் வீட்டில் ஒருவரும் அறிந்திலர். மறுநாள் அத்தை அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இடக்கண் சோம்பிவிட்டது, சிறு வயதாகலின் திருந்தக்கூடும் என்றார் மருத்துவர்.

இப்பொழுது அவன் கண்ணாடி அணிந்து, மாலைதோறும் இரண்டு மணி நேரம் வலக்கண்ணை மூடிப் பாடம் படிக்கின்றான். நீலப்பூத் துணியின் துண்டொன்றைப் புத்தகத்தில் வைத்திருக்கின்றான். அஃது இன்னும் தட்டையாகவே இருக்கின்றதென்று சென்ற கிழமை எமக்கு எழுதியிருந்தான்.