சொல் விளக்கம்: ‘டைவேர்சிஃபை’ என்னும் ஆங்கில வினை



உயர்தர வகுப்பில் பயிலும் மாணவி ஒருவர் தாம் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தருமாறு அண்மையில் என்னிடம் கொண்டுவந்தார். தம் குடும்பத்தின் கதையை எழுதியிருந்தார். பெரிய மாமா கனடாவில், சின்னம்மா பாரிசில், அப்பம்மா தனியே ஊரில். இதைச் சொல்ல வந்த இடத்தில், ‘யுத்தம் எங்கள் குடும்பத்தை டைவேர்சிஃபை செய்தது’ என்று பொருள்படும் ஒரு வாக்கியம் இருந்தது. அகராதியில் ‘பல்வகைப்படுத்து’ என்று கண்டாராம். பல இடங்களுக்கும் போனதைக் குறிக்க அது பொருந்துமென எண்ணினாராம். அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல் ஏன் பொருந்தாது என்பதை அவருக்கு விளக்கினேன். அந்த விளக்கம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுமென எண்ணி இங்கே தருகிறேன்.

சொல்லின் பிறப்பு

இது இலத்தீன் வழியாக வந்த சொல். ‘வேர்த்தெரே’ என்றால் திருப்புதல். அதன் முன் விலகலைக் குறிக்கும் ‘டி’ சேர்ந்து ‘டிவேர்சுஸ்’ ஆகி, வெவ்வேறு பக்கம் திரும்பியது என்று பொருள் தந்தது. ‘ஆக்கு’ எனப் பொருள்படும் ‘ஃபாச்செரே’யிலிருந்து வந்ததே ‘ஃபை’ என்னும் ஈறு. ஆகவே, வெவ்வேறு வகையாக ஆக்குதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள்.

இதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு. திசைதிருப்புதலைக் குறிக்கும் ‘டைவேர்ட்’ ஒன்று. விவாகரத்தைக் குறிக்கும் ‘டிவோர்ஸ்’ மற்றொன்று. இருவர் இரு பக்கம் திரும்பிப் போதலே அது. பழைய ஆங்கில வேதாகமங்களில் ‘டைவர்ஸ்’ என்றொரு சொல் வரும். நோய்களைப் பற்றிக் கூறுமிடத்தில் அதைக் கண்டு, இது மன்னார்ச் சுழியோடிகளுக்கு வரும் நோயோ என்று எவரும் மயங்க வேண்டாம். ‘பலவகையான’ என்பதே அங்கு பொருள்.

உச்சரிப்பும் வடிவமும்

அழுத்தம் ‘வேர்’ என்னும் அசையில் விழும். இறுதி எழுத்தாகிய ‘வை’, இறந்தகால வடிவத்திலும் படர்க்கை ஒருமை நிகழ்கால வடிவத்திலும் ‘ஐ’ ஆக மாறும். ஆனால் ‘இங்’ ஈறு சேரும்போது மாறாது. இவ்வினையின் பெயர்ச்சொல் ‘டைவேர்சிஃபிக்கேஷன்’.

ஒரு சொல், இரு வினை

தமிழில் ‘பல்வகைப்படு’ என்பது தன்வினை. ‘பல்வகைப்படுத்து’ என்பது பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவந்தான். பின்னால் செயப்படுபொருள் வந்தால் பிறவினை, வராவிட்டால் தன்வினை.

தன்வினைக்கு உதாரணம் உயிரியலிலிருந்து: டார்வின் 1835 இல் கலாபகோஸ் தீவுகளுக்குச் சென்றார். அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகள் ஒரே மூதாதை இனத்திலிருந்து தோன்றியவை. விதையை உடைக்கத் தடித்த அலகு, பூச்சியைக் கொத்த மெல்லிய அலகு என அவை காலப்போக்கில் பல இனங்களாயின. அவற்றை யாரும் அவ்வாறு ஆக்கவில்லை, தாமே ஆயின. இதை ‘டைவேர்சிஃபைட்’ என்று, செயப்படுபொருள் இல்லாமலே சொல்லலாம்.

பிறவினைக்கு உதாரணம் தோட்டத்திலிருந்து: யாழ்ப்பாணக் கமக்காரர்கள் 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வெங்காயத்தாலும் மிளகாயாலும் நல்ல வருவாய் கண்டனர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் விலை சரிந்தது. தோட்டம் முழுவதையும் அவ்விரண்டிலும் முடக்கியவர்கள் திண்டாடினர். அந்நிலையில் ஒருவர் வெங்காயத்தைக் கைவிடாமல், ஒரு பாத்தியில் பீற்றூட்டும் இன்னொன்றில் வாழையும் வைத்தாரெனின், அவர் தம் பயிர்களை ‘டைவேர்சிஃபை’ செய்தார் எனலாம்.

வணிகத்தில் இச்சொல்லோடு ‘இன்டு’ என்னும் முன்னிடைச்சொல் வரும். தேயிலைக் கம்பனியொன்று சுற்றுலா விடுதியும் நடத்தத் தொடங்கினால், அது சுற்றுலாத் துறைக்குள் ‘டைவேர்சிஃபைட் இன்டு’ எனப்படும். ஒன்றையே சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொண்டால் ‘அவே ஃப்ரொம்’ சேரும். சேமிப்பை ஒரே கம்பனியில் போடாமல் பலவகை முதலீடுகளில் இடுவதற்கும் இவ்வினையே வழங்கும்.

எங்கே பிழைக்கிறோம்?

முதலாவது, தொகை கூடுவதை வகை கூடுவதாக எண்ணுதல். இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்தவர் பத்து ஏக்கரில் தேயிலை வைத்தால், அது ‘எக்ஸ்பான்ட்’.

இரண்டாவது, மாற்றீட்டையும் இச்சொல்லால் குறித்தல். இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் 1869 இல் இலைத்துரு நோய் காணப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. தோட்டத்துரைமார் சிங்கோனாவும் கொக்கோவும் பயிரிட்டுப் பார்த்தனர். அந்த முயற்சி ‘டைவேர்சிஃபிக்கேஷன்’ தான். ஆனால் பின்னர், கோப்பி நின்ற மலையெல்லாம் தேயிலையே நின்றபோது, ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்தது. அது ‘றீப்ளேஸ்’.

மூன்றாவதுதான் நம் மாணவியின் பிழை. பொருளோ மக்களோ பல இடங்களுக்குச் சிதறுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கற்றர்’, ‘டிஸ்பேர்ஸ்’ என்னும் சொற்கள் உண்டு. மேற்கண்ட உதாரணங்களை மீண்டும் நோக்குக. தோட்டம் தோட்டமாகவே நிற்கிறது. அதில் பயிர்வகை கூடுகிறது. கம்பனி ஒன்றே, தொழில்வகை கூடுகிறது. ‘டைவேர்சிஃபை’ என்று சொல்ல, உள்ளிருந்து பலவகையாகும் ஒன்று வேண்டும். பெரும்பாலும் அது நன்மை கருதிச் செய்யும் காரியமாகவும் இருக்கும். யுத்தம் ஒரு குடும்பத்துக்கு வகை எதனையும் கூட்டவில்லை. ஒரே முற்றத்தில் உண்டவர்களைப் பிரித்துவிட்டது. இழப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆதாயத்தைச் சொல்லும் சொல்லை இட்டால், வாசிக்கும் அந்நியருக்கு அந்த இழப்பே தெரியாமற் போகும்.

மாணவி ‘ஸ்கற்றர்ட்’ என்று திருத்தி எழுதினார். கட்டுரையில் வேறெதையும் நான் மாற்றவில்லை.

பயிற்சி

பிள்ளைகளே, ஏற்ற வினையைத் தெரிந்தெடுங்கள்: டைவேர்சிஃபை, டைவேர்ட், எக்ஸ்பான்ட், டிஸ்பேர்ஸ்.

1. பாலம் உடைந்ததால் வாகனங்களை வேறு வீதியால் அனுப்பினர்.
2. ஐம்பது கோழி வளர்த்தவர் அவற்றை இருநூறாகப் பெருக்கினார்.
3. கோழி வளர்த்தவர் ஆடும் வளர்த்து, மரக்கறித் தோட்டமும் செய்தார்.
4. மழை கொட்டியதும் கூட்டத்தினர் கலைந்து போயினர்.

விடைகள்: 1. டைவேர்ட். 2. எக்ஸ்பான்ட். 3. டைவேர்சிஃபை. 4. டிஸ்பேர்ஸ்.