இணையதளம் அமைக்குமுன் சங்கத்தார் ஆயத்தம் செய்யவேண்டியவை

நெசவாளர் தறியில் அமர்வதற்கு முன்பே நெசவின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நூலுக்குச் சாயமேற்றி, பாவு ஓடி, கஞ்சி தோய்த்து, அச்சில் பிணைத்த பின்னரே அவர் நாடாவைக் கையில் எடுக்கிறார். உழவருக்கும் அப்படியே, நிலம் பண்படாமல் விதை தூவுவாரில்லை. இணையதளம் அமைப்பதிலும் இம்முறையே செல்லுபடியாகும். ஆயினும் சங்கங்கள் பல, வடிவமைப்பாளர் ஒருவரை அழைத்து வந்து அமர்த்திவிட்டு, அதன் பின்னரே என்ன வேண்டும் என்று ஆலோசிக்கத் தொடங்குகின்றன. இப்பாடத்தில், அவரை அழைப்பதற்கு முன்பு சங்கம் செய்து முடிக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதிக்கு வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் ஆண்டு முழுவதும் வருகின்றனர். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்குவோரும் உண்டு. அவர்கள் ஆரணிப் பட்டையும் ஜவ்வாது மலைச் சாமையையும் தேனையும் விரும்பி வாங்குவார்கள். ஆனால் ஊர் திரும்பிய பின் இரண்டாவது சேலையொன்று வேண்டுமாயின் யாரிடம் கேட்பது? கைப்பேசியில் தேடுவார்கள், சங்கத்தின் பெயர் அங்கே இராவிடில், வேறு யாருடைய பெயரோ இருக்கும்.

1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் இன்று தன் இணையதளத்தின் வழியாகவும் துணி விற்கிறது. சிறிய தொடக்கச் சங்கத்திற்கு அத்தகைய ஆள்பலம் இல்லை. எனவே தனித்தொழிலாக இணையதளம் அமைத்துத் தரும் ஒருவரையே அது நாடுகிறது. அவர் திறமையுடையவராக இருக்கலாம். கட்டணமும் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர் ஒற்றை ஆள். நாளை அவர் வேறு ஊருக்குச் செல்லலாம், வேறு தொழிலுக்கு மாறலாம், நோய்வாய்ப்படலாம். அன்றும் தளம் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். நம் ஆயத்தங்கள் யாவற்றிற்கும் இதுவே அடிப்படை.

1. நோக்கமும் தீர்மானமும்

தளம் எதற்காக என்பதை நிர்வாகக் குழு முதலில் முடிவு செய்யவேண்டும். சங்கத்தின் முகவரியையும் சரக்கையும் அறிவிப்பது ஒருவகை. தளத்திலேயே பணம் பெற்று விற்பது மற்றொரு வகை. இரண்டாவதற்கு உழைப்பும் செலவும் பன்மடங்கு. மின்வணிகம் பற்றிய 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்போர் தம் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் ஆகிய விவரங்களை வெளியிடவேண்டும். முறையீடு வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவேண்டும். அந்த அலுவலர் யார், பொட்டலம் கட்டி அனுப்புபவர் யார் என்பவற்றிற்கு விடையில்லாத சங்கம் அறிவிப்புத் தளத்தோடு தொடங்குவதே நலம்.

அடுத்து, துணைவிதிகளின்படி செலவுக்கு அனுமதி பெற்று, வடிவமைப்பாளரிடம் பேசுவதற்கு ஒருவரையோ இருவரையோ தீர்மானத்தின் மூலம் நியமிக்கவேண்டும். ஐந்து இயக்குநர்கள் ஐந்து விதமாகச் சொன்னால் வேலை முடிவுறாது. ஜக்கார்டு அட்டையில் துளையிடுவதற்கு முன், கட்டத்தாளில் பூவை மாற்றுவது எளிது. துளையிட்ட பின் மாற்றினால் அட்டைகளை மீண்டும் அடிக்கவேண்டும், கூலியும் மீண்டும் கொடுக்கவேண்டும். இணையதள வேலையிலும் தாளில் செய்யும் திருத்தம் மலிவு. கட்டி முடித்த பின் செய்யும் திருத்தம் விலையுயர்ந்தது. ஆகவே எத்தனை பக்கங்கள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த தளங்கள் இரண்டு மூன்றைக் குறித்து, பிடித்ததற்குக் காரணமும் எழுதி வையுங்கள்.

2. எழுத்தும் படமும் சரக்கு விவரமும்

சங்கத்தின் கதையை வடிவமைப்பாளர் அறியார். அதனை நாமே எழுதித் தரவேண்டும். பதிவான ஆண்டு, பதிவெண், தறிகளின் எண்ணிக்கை, முகவரி, பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழி, விற்பனை நேரம், விடுமுறை நாட்கள் முதலியன அவசியம். தமிழ் எழுத்துகள் யூனிகோடு முறையில் தட்டச்சாகியிருக்கவேண்டும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எனினும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வழங்குகின்றன. அவற்றில் தட்டிய ஆண்டறிக்கையை அப்படியே தளத்தில் இட்டால், படிப்போருக்குப் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆங்கிலப் பகுதியைத் தொழில் அறிந்தவர் ஒருவர் சரிபார்க்கட்டும். கோர்வை என்பதை நேராக மொழிபெயர்க்க இயலாது. கரையும் உடலும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டுக் கோக்கப்படுவதை விளக்கியே சொல்லவேண்டும்.

படங்களைக் காலை நேர நிழல் வெளிச்சத்தில் எடுப்பது நன்று. செயற்கை ஒளியில் சரிகை கூசும். சாயமும் வேறாகத் தோன்றும். உடல், கரை, முந்தானை, பின்புறம் என ஒரு சேலைக்கு நான்கு படங்கள் போதுமானவை. நிறம் மாறி வந்ததென்று திரும்பி வரும் சேலையின் நட்டம் சங்கத்தையே சாரும். பிறர் தளத்திலிருந்து படம் எடுத்துப் போடுதல் கூடாது. உறுப்பினர்களின் உருவப்படங்களை அவர்களது சம்மதத்தோடு மட்டுமே வெளியிடவேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் நிலுவை போன்றவை தளத்தில் இடம்பெறலாகாது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென 2023இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

ஒவ்வொரு சரக்கிற்கும் எண், நீளம், அகலம், பாவு நூல், ஊடை நூல், சரிகையின் வகை, எடை, வரியுடன் விலை, இருப்பு ஆகியவற்றை அட்டவணையாக எழுதுங்கள். 2004இல் தோன்றிய பட்டு முத்திரை, 2006இல் தோன்றிய கைத்தறி முத்திரை, 2015இல் தோன்றிய இந்தியக் கைத்தறி முத்திரை ஆகியவற்றை உரிமை பெற்ற சங்கமே காட்டலாம். விளைபொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் நிகர எடையையும் சேர்க்கவேண்டும். கைத்தறியில் ஒரு நிறத்திற்கு ஒரே சேலை இருப்பதும் உண்டு. அது கடையில் விற்றுப்போன அன்றே தளத்திலிருந்து நீக்குபவர் யார் என்பதையும் இப்போதே குறித்துவையுங்கள்.

3. பெயரும் சாவியும்

டொமைன் என்னும் தளப்பெயர் சங்கத்தின் மனைப்பட்டா போன்றது. அது வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகுமாயின், சங்கம் பிறர் மனையில் வீடு கட்டியதாகிவிடும். எனவே பெயரைச் சங்கமே, சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பணத்தில் பதிவு செய்யவேண்டும். டாட் இன், டாட் காம் என்னும் முடிவுகளைப் பொதுவாக எவரும் பெறலாம். டாட் கூப் என்பது கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவேண்டும். தவணை தவறிச் சில வாரங்கள் கடந்தால் அப்பெயரை வேறெவரும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒரே முறையில் பத்தாண்டு வரை பதிவு செய்யவும் வழியுண்டு.

இங்கே மற்றொரு எச்சரிக்கை. பதிவுக்குத் தரும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் செயலாளரின் சொந்தமாக இருத்தலாகாது. அவர் பதவி விலகிய பின், சரிபார்ப்பு எண் அவருடைய கைப்பேசிக்கே வந்துகொண்டிருக்கும். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சலும் தனி எண்ணும் முதலிலேயே ஏற்படுத்துங்கள். ஹோஸ்டிங் எனப்படும் இடவாடகைக் கணக்கிற்கும், பணம் பெறும் கணக்கிற்கும் இதுவே விதி. வடிவமைப்பாளருக்கு வேலை செய்யும் அளவுக்கு அனுமதி தந்தால் போதும்.

4. எழுத்து மூலமான உடன்பாடு

பணம் கொடுத்துவிட்டதால் தளம் நமதே என்று பலர் எண்ணுகின்றனர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதனைப் படைத்தவரே. சம்பள ஊழியர் தம் பணியின் பகுதியாகச் செய்தது, மாறான உடன்பாடு இல்லாவிடில், முதலாளிக்குச் சேரும். தனித்தொழிலர் கட்டணத்திற்கு எழுதித் தந்த நிரலோ, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாவிடில், அவருடையதாகவே நிற்கக்கூடும். அவ்வாறு மாற்றித் தரும்போதும், 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிடில் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவிற்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வெளிநாட்டாருக்கும் விற்க விழையும் சங்கம் இவ்விரண்டையும் தெளிவாக எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

உடன்பாட்டில் பக்கங்களின் எண்ணிக்கை, முடிக்கும் நாள், இலவசத் திருத்தங்களின் அளவு, பின்னர் ஏற்படும் பராமரிப்புக் கட்டணம், ஒப்படைக்கவேண்டிய கோப்புகள் ஆகியவை இடம்பெறட்டும். கட்டணத்தை முன்பணம், மாதிரி காட்டியதும் ஒரு பகுதி, ஒப்படைப்பில் மீதி எனப் பிரிப்பது இருதரப்பிற்கும் நியாயம். வடிவமைப்பாளரும் கைத்தொழில் செய்து பிழைப்பவரே. கூலி நிலுவையின் துன்பத்தை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படம் தருவதில் நாம் இரண்டு மாதம் தாமதித்துவிட்டு, அவர் பணத்தை நிறுத்திவைப்பது கூட்டுறவுப் பண்பாகாது.

5. ஒப்படைப்பு

வேலை முடிந்த நாளில் கணக்குகள், கடவுச்சொற்கள், புதுப்பிக்கவேண்டிய தேதிகள் ஆகியவற்றை எழுதி, முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டகத்தில் வையுங்கள். நிர்வாகிகள் மாறும்போது கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும்போது தறி, தராசு, மேசை ஆகியவற்றோடு தளப்பெயரையும் சொத்தாகக் கருதிச் சரிபாருங்கள். பல உறுப்பினர்களின் உழைப்பால் ஈட்டிய நற்பெயர் அதில் அடங்கியிருக்கிறது. அதன் சாவி ஒரு தனிமனிதரின் சட்டைப்பையில் இருத்தல் தகாது.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்திற்கு வேண்டுவது அறிவிப்புத் தளமா, விற்பனைத் தளமா? காரணம் என்ன?
2. வடிவமைப்பாளரிடம் சங்கத்தின் சார்பில் பேசுபவர் யார்?
3. இன்று கைவசமுள்ள சரக்கில் எத்தனைக்கு முழு விவரமும் நான்கு படங்களும் ஆயத்தமாக உள்ளன?
4. முன்னரே தளம் இருப்பின், தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது? புதுப்பிக்கவேண்டிய நாள் எது?
5. தற்போதைய செயலாளர் நாளை விலகினால், தளம் தடையின்றி நடைபெறுமா?