கனகராயன் ஆற்றுக்கு வளியிலிருந்து வரும் நைதரசன்

மாணவர்களே, நைதரசன் வட்டத்தை வரைந்து பெயரிடுவதில் நீங்கள் பலரும் தேர்ச்சி பெற்றிருப்பீர்கள். எனினும், "வளியிலுள்ள நைதரசன் ஆற்றுநீரை அடைவது எவ்வாறு?" என வினவினால், "மழையில் கரைந்து வருகின்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். இவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. எமது பிரதேச ஆறொன்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் ஆரம்பித்து வடக்கே பாய்ந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, பின்னர் சுண்டிக்குளம் நீரேரியை அடைகின்றது. மழைநீரை இவ்வாற்றுக்கு வடியச் செய்யும் காடு, வயல், தோட்டம், குடிமனை அனைத்தும் சேர்ந்ததே அதன் நீரேந்து பிரதேசமாகும்.

வளியின் கனவளவில் ஏறத்தாழ 78% நைதரசனாகும். ஆயினும் அதன் மூலக்கூறில் இரு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இணைந்திருப்பதால் தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. மின்னலின்போது ஒரு சிறு பகுதி ஒட்சைட்டுகளாகி மழையுடன் நைத்திரேற்றாக விழுகின்றது. இதனைவிடப் பெரும் பகுதியைப் பதிப்பவை பற்றீரியாக்களே. கச்சான் செடியொன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அதிலுள்ள சிறுகணுவை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின், உள்ளே இறைசோபியம் வேலை செய்கின்றது என்று கொள்ளலாம். மூன்றாவது வழி தொழிற்சாலை. ஏபர் முறையால் அமோனியா ஆக்கப்பட்டு அதிலிருந்து யூரியா தயாரிக்கப்படுகின்றது. ஆகவே யூரியாப் பையிலுள்ளதும் வளியின் நைதரசனே.

இனி மண்ணுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானோர் புள்ளியை இழப்பது இங்கேதான். உக்கும் இலைகுழைகளிலிருந்து அமோனியம் அயன் வெளிவிடப்படுகின்றது. அது நேரேற்றமுடையது, களித்துணிக்கைகள் மறையேற்றமுடையவை. எனவே மண் அதனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. ஆனால் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றியதும் நிலைமை மாறுகின்றது. நைத்திரேற்று மறையேற்றமுடையது, மண்ணில் தங்காது, நீருடன் கீழிறங்கி நிலக்கீழ் நீராக ஆற்றை நோக்கிக் கசியும்.

வன்னியில் இது ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. நீண்ட கோடையில் மண்ணில் சேரும் நைத்திரேற்றைக் கழுவிச்செல்ல நீர் இல்லை. உறிஞ்சப் பயிரும் குறைவு. ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் நுண்ணங்கிகள் விரைந்து தொழிற்படுகின்றன. பயிர் வேர்விடுமுன் வரும் அந்த நீரே நைத்திரேற்றை அதிகம் அள்ளிச் செல்லக்கூடியது.

யூரியாவின் கதை சற்று வேறு. 50 கிலோகிராம் பையில் 46% நைதரசன், அதாவது 23 கிலோகிராம் உண்டு. யூரியா ஏற்றமற்றது, நீரில் நன்கு கரைவது. யூரியேசு நொதியம் அதனை அமோனியமாக்க ஓரிரு நாட்களாவது வேண்டும். அதற்குள் பெருமழை பெய்து நீர் வரம்பு மேவினால், வீசிய பசளை வாய்க்காலுக்குச் சென்றுவிடும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் பசளைக்காக உங்கள் வீட்டார் அலைந்ததை அறிவீர்கள். அவ்வளவு பெறுமதியான பொருள் ஒரே இரவில் வயலைவிட்டுப் போய்விடலாம்.

செல்லும் வழியில் ஒரு பகுதி திரும்பியும் விடுகின்றது. ஆற்றங்கரை மருத மரங்களின் வேர்கள் நைத்திரேற்றை உறிஞ்சுகின்றன. ஒட்சிசனற்ற ஈரச் சேற்றில் சூடோமோனசு போன்ற பற்றீரியாக்கள் அதனை மீண்டும் நைதரசன் வாயுவாக்குகின்றன. குளத்தின் அடிச்சேற்றிலும் இதுவே நடைபெறும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது போல, நீர் விரைந்து பாயும் வேளையில் இதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

எஞ்சும் நைத்திரேற்று, பொசுபேற்றுடன் சேர்ந்து குளத்தில் நற்போசணையாக்கத்தை ஏற்படுத்தலாம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் பெறுமானம் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றாகும். இதனை மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசன் காவும் ஆற்றல் குறையலாம். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் இறக்கும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

பயிற்சி

1. அமோனியம் அயனை விட நைத்திரேற்று அயன் மண்ணிலிருந்து இலகுவில் கழுவப்படுவது ஏன்?

2. யூரியா மூலக்கூறொன்றில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4 அணுக்கள் உள்ளன. சாரணுத்திணிவுகள் முறையே 12, 16, 14, 1 எனின், தூய யூரியாவில் நைதரசனின் திணிவு நூற்றுவீதம் யாது?

3. ஆற்றங்கரை மரங்களை வெட்டிக் கரைவரை வயலாக்கினால் ஆற்றுநீரின் நைத்திரேற்றுச் செறிவுக்கு யாது நிகழும்? இரு காரணங்கள் தருக.