தோலின்மேல் வளையும் கோடுகள்

மருங்காபுரி

அன்புள்ள தம்பிக்கு,

சர்ரியலிசக் கலைஞர்களின் படங்களில் உடம்பின்மேல் கோடு கோடாக நிழல் விழுவது வெறும் அலங்காரம்தானே என்று எழுதிக் கேட்டிருந்தாய். அலங்காரம் என்றால் அதை எடுத்துவிட்டாலும் அடியில் உள்ள பொருள் அப்படியே இருக்க வேண்டும். இந்தப் படங்களில் நிழலை எடுத்துவிட்டால் படமே இல்லை. மான் ரே 1923-இல் பாரிஸில் எடுத்த 'பகுத்தறிவுக்குத் திரும்புதல்' என்ற சில நிமிடக் குறும்படத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள். கிக்கி என்று எல்லோரும் அழைத்த ஆலிஸ் பிரேன், ஜன்னலோரம் நின்று மெல்லத் திரும்புகிறார். திரை வழியாக வரும் வெயில் அவர் உடம்பில் வரி வரியாக விழுகிறது. ஜன்னலில் நேராக இருந்த கோடுகள் மார்பின்மேல் வெளிப்பக்கம் வளைகின்றன, விலாவில் நெருங்குகின்றன, இடுப்பில் உள்வாங்குகின்றன. அவர் திரும்பத் திரும்ப அதே கோடுகள் வேறு வேறு வளைவுகளாகின்றன. அந்தக் கோடுகளை ஜன்னல் தொடங்கி வைக்கிறது, அவற்றின் வடிவத்தை முடிவு செய்வது உடம்பு. இன்று சில கைப்பேசிகள் முகத்தை அடையாளம் காண்பதும் இதே முறையில்தான்: கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளை முகத்தில் வீழ்த்தி, அவை எங்கே எவ்வளவு இடம் பெயர்கின்றன என்பதிலிருந்து மூக்கின் உயரத்தையும் கண்குழியின் ஆழத்தையும் கணக்கிடுகின்றன. அதாவது நிழல் உடம்பை மறைக்கவில்லை, அளந்து காட்டுகிறது.

ஆனால் அளப்பது மட்டுமே என்றால் அது பொறியியல் ஆகிவிடும். அதே கோடுகள் உடம்பின் விளிம்பையும் உடைக்கின்றன. கறுப்பு வரி பின்னணி இருட்டோடு கலந்துவிடுவதால் தோள் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. உருவம் தெளிவாவதும் கலைவதும் ஒரே வேளையில், ஒரே கோட்டால் நிகழ்கின்றன. கனவும் நனவும் ஒன்றாகும் நிலையைத் தேடுவதாக ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் சர்ரியலிச அறிக்கை எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சர்ரியலிசக் கலைஞர்களின் பத்திரிகையின் முதல் இதழில் கிக்கியின் அந்தக் காட்சியிலிருந்து ஒரு சட்டகம் அச்சானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒட்டுவேலை இல்லாமல், பொய் கலக்காமல், உண்மையான வெயிலைக் கொண்டே பழகிய ஒன்றை அந்நியமாக்கிக் காட்டிய படம் அது. நம் சினிமாவில் கம்பி நிழல் விழுந்தால் சிறை, குற்றம், ஆபத்து என்று உடனே பொருள் கொள்கிறோம். இங்கே அது எதற்கும் அடையாளமாக நிற்கவில்லை. அது என்ன செய்கிறது என்பதுதான் பொருள்.

கேமரா உள்ளதை உள்ளபடி பதிய வேண்டியது, இப்படி விளையாடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்ல நம் பக்கத்து உதாரணமே போதும். 1858-இல் திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசாங்கத்துக்காக ஆவணம் தயாரித்த ராணுவ அதிகாரி. அவரே தம் நெகட்டிவ்களில் கையால் மேகம் வரைந்திருக்கிறார். தலையிடாத படம் என்று ஒன்று கிடையாது. எங்கே, எவ்வளவு, எதற்காகத் தலையிடுகிறோம் என்பதே கேள்வி. செயலியில் ஒரு வரி ஃபில்டர் போட்டால் போதாதா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தட்டையாக ஒட்டிய ஃபில்டரின் கோடு தோளைத் தாண்டும்போதும் நேராகவே போகும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் அதை நம்பாது.

செய்து பார்க்க விரும்புகிறவனுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் எந்த நிழலின் விளிம்பும், மறைக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மங்கிவிடும். மூங்கில் தட்டி தோலிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருந்தால் விளிம்பு 1 மில்லிமீட்டர்தான் மங்கும், கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கும். 1 மீட்டர் தள்ளிப் போனால் மங்கல் 9 மில்லிமீட்டருக்கு வந்துவிடும், மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 10 மீட்டர் உயரத் தென்னங்கீற்றின் நிழல் தரையில் கூராக விழாததற்கும் இதுவே காரணம். புளியமரத்தடியில் வட்ட வட்டமாகத் தெரியும் வெளிச்சப் பொட்டுகளும் இலைகளின் சந்து வழியே விழுந்த சூரியனின் பிம்பங்களே. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், திருச்சி வழியாகத் தெரிந்த வளையக் கிரகணத்தின்போது மரத்தடிப் பொட்டுகள் வளையங்களாக மாறியது அதனால்தான். ஆகவே தட்டியைப் பிடிக்கும் தூரமே உன் முதல் கருவி, லென்ஸ் பிறகுதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வெள்ளைத் தோலில் எடுபடுவது நம் தோலில் எடுபடாது என்பது. இதை ஸ்டூடியோக்காரர்களே சொல்லி, பவுடர் அப்பி அனுப்புகிற பழக்கம் நெடுநாள் இருந்தது. கொழும்பில் லயனல் வெண்ட் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். 1900-இல் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர், லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பியவர், 1930-களில் கேமராவைத் தீவிரமாக எடுத்தவர். மான் ரேயின் முறைகள் அவருக்குத் தெரியும். டெவலப் செய்யும்போதே நடுவில் வெளிச்சம் காட்டிக் கறுப்பு வெளுப்பை ஓரளவு தலைகீழாக்கும் சோலரைசேஷனையும் படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் மான்டாஜையும் அவர் கையாண்டார். ஆனால் அவர் படமெடுத்தது பழுப்பு நிற உடம்புகளை. வெயில் பட்ட இடத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் எந்தத் தோலிலும் ஒன்றுதான். வெளிர்நிறத் தோலுக்கான அளவில் எக்ஸ்போஷர் வைத்தால் கருந்தோலின் நிழல்பகுதி ஃபிலிம் பதிய முடியாத ஆழத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவே. அது அளவை மாற்றிக்கொள்ளாதவரின் குறை, தோலின் குறை அன்று. மேலும், தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு எல்லா நிறத்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அடிநிறம் கருமையாக இருக்கும்போது அந்தப் பளபளப்பு மேலோங்கித் தெரிகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் முதுகெலும்பின் ஓரமும் தோள்பட்டையின் திரட்சியும் வெண்கலச் சிலையில்போல் ஒளிக்கோடாக எழும். வெளிர்நிறத் தோலில் நிழல் எழுதுகிறது என்றால், நம் தோலில் ஒளி எழுதுகிறது. இது குறைந்த வாய்ப்பு அன்று, வேறொரு வாய்ப்பு. வெண்ட் 1944-இல் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளும் 1950-இல் வந்த 'லயனல் வெண்ட்டின் சிலோன்' என்ற நூலும்தான் நமக்குச் சாட்சி.

கடைசி ஆட்சேபத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. பத்திரிகையில் வந்த கிக்கியின் சட்டகத்தில் தலை இல்லை. வெறும் உடல்தான். கோடுகள் ஓர் உடம்பை அளந்தன, அந்த உடம்புக்குரியவரை விட்டுவிட்டன. 1930-ஐ ஒட்டி, ஜன்னல் திரையின் நிழல் விழ மான் ரே படமெடுத்த லீ மில்லர் அவருடன் சோலரைசேஷனைச் சேர்ந்து வளர்த்த கலைஞர். 1945-இல் டாக்காவ் வதைமுகாமைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவரும் அவரே. ஆயினும் நெடுங்காலம் அவரை மான் ரேயின் மாடல் என்றே சொன்னார்கள். வெண்ட்டின் படங்களில் உள்ள உழைப்பாளிகள் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. வசதியான வீட்டுக்காரர் கேமராவைப் பிடித்தார், கூலிக்காரர் வெயிலில் நின்றார். அந்தப் படங்களின் அழகு இதை இல்லாமல் ஆக்கிவிடாது. ஆனால் இந்தக் குறை நிழலுக்கு உரியதன்று, எடுத்தவர் எதை எழுதி வைத்தார், எதை விட்டார் என்பதற்கு உரியது. அதைத் திருத்துவது உன் கையில் இருக்கிறது.

முதலில் உன் முன்கையில் பழகு. காலை 8 மணி வெயிலில், மூங்கில் தட்டியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, முஷ்டியை மடக்கியும் விரித்தும் எடு, கோடுகள் எப்படி நகர்கின்றன என்று பார். பிறகு இன்னொருவரை எடுக்க நேர்ந்தால், அவர் சம்மதத்தைக் கேட்டு எடு, எடுத்ததை அவருக்குக் காட்டு, படத்தின் பின்புறம் தேதியோடு அவர் பெயரையும் எழுதி வை.

அன்புடன்,
அண்ணன்