பழைய வண்டிக்கு மாற்று எஞ்சின்

மோட்டார் வண்டிக்கு எஞ்சினே உயிர் என்பர். உயிர் நீங்கிய உடலுக்கு மற்றோர் உயிரை ஊட்ட மனிதனால் இயலாது, வண்டிக்கோ இயலும். ஆயினும் எந்த உயிரும் எந்த உடலிலும் பொருந்திவிடும் என்று எண்ணலாகாது. இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை; பிறர் பணத்தை இழந்து கற்றேன். மற்றவர் அவ்வாறு இழக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் விடுதிகளுக்குக் காலையில் இட்லியும் நண்பகலில் சாம்பார் சாதமும் கொண்டுவரும் அண்ணாச்சியை அறியாதார் இலர். அவருடைய ஆம்னி வண்டி 2012-இல் பதிவானது. டெல்லியின் ஜூன் மாதக் கொடு வெயிலில் ஒரு நாள் ரேடியேட்டர் ஒழுகி, நீர் வற்றி, எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது உருளைகளின் உட்சுவர் ஆழக் கீறியிருந்தது. மேலே உள்ள ஹெட்டும் வளைந்திருந்தது. சீர்செய்யும் செலவைவிடப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்குவதே சிக்கனம் என்றார் பட்டறைக்காரர். வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் ஆட்டோ வாடகைக்குப் போனது போக அண்ணாச்சிக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. “தம்பி, நீங்க எஞ்சினியரிங் படிக்கிறவரு. கூட வந்து ஒண்ணு பாத்துச் சொல்லுங்க” என்றார். நானும் மிடுக்கோடு கிளம்பினேன்.

மேற்கு டெல்லியிலுள்ள மாயாபுரி, பழைய வண்டிகளின் உறுப்புகள் குவிந்து கிடக்கும் இடம். அங்கே ஒரு கடையில் ஆல்டோ வண்டியின் எஞ்சின் இருந்தது. உருளையின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தொலைவு 72 மில்லிமீட்டர், உருளைகள் மூன்று. பெருக்கிப் பார்த்தால் 796 கன சென்டிமீட்டர். ஆம்னியின் எஞ்சினுக்கும் அதே மூன்று எண்கள், அதே விடை. “பொருந்தும் அண்ணாச்சி, முன்பணம் கொடுங்கள்” என்றேன். அவர் 3,000 ரூபாய் கொடுத்தார்.

மறுநாள் எஞ்சினைப் பார்த்த பட்டறைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆம்னியில் உள்ளது எஃப்8பி என்னும் எஞ்சின். உருளைக்கு இரண்டாக மொத்தம் ஆறு வால்வுகள். ஆல்டோவினது எஃப்8டி, உருளைக்கு நான்காகப் பன்னிரண்டு வால்வுகள். அன்றியும், ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியே நெடுக்கு வாட்டத்தில் அமர்ந்து, நீண்ட தண்டின் வழியே பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆல்டோவிலோ அது குறுக்கு வாட்டத்தில் அமர்ந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது. கொள்ளளவு ஒன்றே, ஆனால் அமரும் இடம் வேறு, பிடிக்கும் தாங்கிகள் வேறு, இணையும் கியர்பாக்ஸ் வேறு. கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அண்ணாச்சி என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. “போகட்டும் தம்பி” என்றார். அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அதன்பின் பட்டறைக்காரரின் பின்னால் மாணாக்கனாய் நான்கு நாட்கள் அலைந்து கற்றவற்றை முறைப்படுத்திக் கூறுகிறேன்.

முதலாவது, வண்டியின் ஆயுளைக் கணக்கிடுக. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. இது பற்றி 2025-இலும் புதிய ஆணைகள் வந்தன. ஆதலால், பணம் கட்டுமுன் அன்றைய நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். எங்கள் வண்டிக்கு 2027-இல் 15 ஆண்டு நிறையும். அதனாலேயே எஞ்சினுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை என்று வரையறுத்துக் கொண்டோம்.

இரண்டாவது, கொள்ளளவை நம்பாது குறியீட்டை நம்புக. வண்டியின் பெயர், பதிவான ஆண்டு, எஞ்சின் வகைக் குறியீடு ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். குறியீடு ஒன்றாயினும் போதாது. பழைய ஆம்னிகளில் கார்புரேட்டர் இருந்தது. பிந்தியவற்றில் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு உண்டு. பிந்திய வண்டியில் முந்திய எஞ்சினை அப்படியே வைத்தால், உணர்விகளும் கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் துணையின்றி நிற்கும்; புகைச் சான்றும் கிட்டாது. உரிய வண்டியில் இருந்தபடியே உணர்விகளோடு சேர்த்து எஞ்சினை வாங்குவது நலம்.

மூன்றாவது, உடல்நலம் சோதிக்க. கிராங்கைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற வெண்கலவை படிந்திருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கலாம், ஐயத்தோடு நோக்குக. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒத்திருத்தல் நலம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. உயராவிடில் வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ குறை உண்டு. மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே இச்சோதனை. இதற்கு இசையாத கடையை விட்டு நீங்குக.

நான்காவது, பிறப்பை விசாரிக்க. எஞ்சின் எண் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் களவுப் பொருளாக இருக்கலாம். விலை எவ்வளவு மலிவாயினும் தொடலாகாது. எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு அவ்வண்டியின் பதிவுச் சான்றின் நகலும், எஞ்சின் எண் எழுதிய ரசீதும் கேட்டுப் பெறுக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினை மாற்றுமுன் பதிவு அலுவலரின் அனுமதி பெற்று, மாற்றியபின் புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்த நாளில் வண்டி ஒன்றாகவும் காகிதம் வேறாகவும் நிற்கும்.

ஐந்தாவது, கொன்ற நோயை முதலில் தீர்க்க. பழைய எஞ்சினை அழித்தது ரேடியேட்டரின் ஒழுக்கு. அதைச் சீர்செய்யாமல் நூறு எஞ்சின் மாற்றினும் பயனில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், விசிறி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே எஞ்சினை ஏற்றினோம். ஏற்றுமுன், கைக்கு எட்டும் நிலையிலேயே டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பு, எண்ணெய் சீல்கள் ஆகியவற்றையும் புதிதாக மாற்றினோம். வண்டிக்குள் சென்றபின் இவற்றை மாற்றுவதற்குக் கூலி இருமடங்காகும்.

ஐந்தாம் நாள், வேறொரு கடையில், 2013-ஆம் ஆண்டு ஆம்னி ஒன்றின் எஞ்சின் உரிய காகிதங்களோடு 18,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அனுமதியும் பெற்றுப் பட்டறையில் ஏற்றி முடித்த அன்று மாலை அது முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. அண்ணாச்சி இருக்கையின் மேல் கைவைத்து, அதன் அடியில் எழும் துடிப்பைச் சற்று நேரம் உணர்ந்து நின்றார். மறுநாள் காலை விடுதியில் இட்லி வழக்கமான நேரத்துக்கு வந்தது.

நான் இழப்பித்த 3,000 ரூபாயை என் உதவித்தொகையிலிருந்து மூன்று தவணைகளில் கொடுக்க முற்பட்டேன். இரண்டை வாங்கிக்கொண்டார், மூன்றாவதை வாங்க மறுத்துவிட்டார். “படிப்புச் செலவுல சேத்துக்கிடுங்க தம்பி” என்றார்.

அவர் எந்தப் படிப்பைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எண்களைப் பெருக்கி விடை காண்பது எளிது. ஒரு பொருள் எங்கே அமர்கிறது, எவற்றோடு இணைகிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்டறிவதே அரிது. பிறர் பணத்தைக் கையில் வைத்திருக்கும்போது அவ்வரிய வேலையைச் செய்யாமல் எளிய வேலையோடு நின்றுவிடலாகாது.