ஐந்து வாட்டில் மலையைத் தாண்டலாம்

ஹாம் ரேடியோ என்றதும் உயரமான டவரும் அறை நிறைய மெஷின்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அதுவல்ல. ஒரு சின்ன நைட் லேம்ப் அளவு சக்தி, அதாவது 5 வாட், அதனுடன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லேப்டாப். குறைந்த சக்தியில் ஒலிபரப்பும் இந்தப் பிரிவுக்கு கியூஆர்பி என்று பெயர். மோர்ஸுக்கு 5 வாட், குரலுக்கு 10 வாட், இதற்கு மேல் போவதில்லை என்பது இவர்களின் வழக்கம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் அத்தை வால்பாறையில் ஓர் எஸ்டேட்டில் இருக்கிறார். ஆனைமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். நேர்க்கோட்டில் வால்பாறை 30 கிலோமீட்டருக்குள்தான். ஒரு மழை நாளில், 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் மரம் விழுந்தது, கரன்ட் போனது, சில மணி நேரத்தில் செல்போன் டவர்களின் பேட்டரியும் தீர்ந்தது. ஒன்றரை நாள் எந்தத் தகவலும் இல்லை. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, டீ குடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டில்தான் யாரும் தூங்கவில்லை. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. வால்பாறையில் லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவரும் இருந்தார். இருந்தும் எங்கள் கையடக்க வாக்கி டாக்கிகளால் பேச முடியவில்லை. அந்த உயர் அலைவரிசை நேர்க்கோட்டில் போவது, நடுவில் மலை நிற்கிறது.

7 மெகாஹெர்ட்ஸ் அலை வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆன்டெனாவைத் தாழ்வாகக் கட்டினால் பெரும்பகுதி நேராக மேலே போகும். வானில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோலச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். மேலிருந்து வருவதற்கு மலை தடையாகாது. பகலில் இது நன்றாக வேலை செய்யும். இரவில் அயனிகள் குறைந்துவிடுவதால் அலை திரும்பாமல் போய்விடலாம், அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

ஆன்டெனாவுக்கு எனக்கு ஆன செலவு, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்புக் கம்பி 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக, இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே ஆறு மீட்டர் உயரத்தில் கட்டினேன். அப்புச்சி வந்து பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, துணி காயப்போடக் கொடி கட்டறயா?” என்றார். ஒரு விதத்தில் சரிதான். மின்வாரியக் கம்பிகளுக்குப் பக்கத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

ரேடியோ, மைக்ரோ பிட்எக்ஸ். இதன் மூதாதையான பிட்எக்ஸை வடிவமைத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். இந்தியக் கடைகளில் கிடைக்கும் உதிரிப் பாகங்களைக் கொண்டே யாரும் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே பயன்படுத்தினார்! பிறகு வந்த மைக்ரோ பிட்எக்ஸில் ஆர்டுயினோ நேனோ போர்டு அலைவரிசையைக் கட்டுப்படுத்துகிறது. புரோகிராம் ஓப்பன் சோர்ஸ், பிடிக்காததை நீங்களே மாற்றி எழுதிக்கொள்ளலாம். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும்.

இனி கம்ப்யூட்டரின் வேலை. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். இதன் பின்னால் இருப்பவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-ல் எஃப்டி8 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 5 வாட்டில் இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபல். குரலுக்கு சுமார் 2500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எஃப்டி8-க்கு 50 ஹெர்ட்ஸ் போதும். அகலத்தைச் சுருக்கினால் உள்ளே வரும் இரைச்சலும் அதே அளவு குறையும். அந்த லாபம் 17 டெசிபல். போனதைவிட வந்தது அதிகம்! இதற்கு மேல் பிழை திருத்தமும் இருக்கிறது. 77 பிட் செய்தியோடு சோதனை பிட்களையும் சேர்த்து 174 பிட்டாக அனுப்புவதால், ஒரு பகுதி சேதமானாலும் கம்ப்யூட்டர் பல நேரம் மீட்டுவிடுகிறது. காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது திரையில் எழுத்தாக வருவது இதனால்தான்.

ரேடியோவின் ஒலியை லேப்டாப்பின் மைக் ஜாக்குக்கும், லேப்டாப்பின் ஒலியை ரேடியோவின் மைக்குக்கும் கொடுக்க வேண்டும். விலை குறைந்த யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். நான் ஒதுக்கவில்லை. பேட்டரி குறைந்ததும் விண்டோஸ் கொடுத்த “டிங்” ஓசை, என் கால் சைனுடன் சேர்ந்து வானில் போனது. இரண்டாவது விஷயம் கடிகாரம். எஃப்டி8-ல் எல்லோரும் 0, 15, 30, 45 ஆகிய விநாடிகளில்தான் அனுப்பத் தொடங்குவார்கள். உங்கள் கம்ப்யூட்டர் நேரம் இரண்டு விநாடிக்கு மேல் தவறினால் ஒரு வரியும் வராது. நெட் இருக்கும்போது நேரத்தைச் சரி செய்யுங்கள். மழையில் நெட் போனபின் உதவ ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தால் நல்லது. மூன்றாவது சூடு. பேச்சில் சக்தி ஏறி இறங்கும். இங்கே 12 விநாடிக்கு மேல் முழுச் சக்தி தொடர்ந்து போவதால் அவுட்புட் டிரான்சிஸ்டர் வேகமாகச் சூடாகும். ஆடியோ அளவைக் குறைத்து 3 வாட்டில் ஆரம்பியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் முதல் சனிக்கிழமை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரை முழுவதும் பட்டை பட்டையாக இரைச்சல். ஆன்டெனாவை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். நண்பர் மேல் சந்தேகப்பட்டேன், ரேடியோ மேலும்தான். பதினோரு மணிக்குக் கரன்ட் போனது. பட்டைகள் அப்படியே மறைந்தன. கறுத்த திரையில் மெல்லிய கோடுகள் ஏழெட்டு, அதில் ஒன்று வால்பாறை! குற்றவாளி என் லேப்டாப் சார்ஜர். கூட்டாளிகள் வீட்டின் இரண்டு எல்இடி பல்புகள். இவற்றின் உள்ளே உள்ள ஸ்விட்சிங் சர்க்யூட்தான் இரைச்சலைக் கிளப்புகிறது. கியூஆர்பி செய்பவர்கள் வாட்டைக் கூட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். நாங்கள் கவலைப்பட்ட அந்த நேரத்தில், அதாவது ஊரே இருட்டாக இருக்கும்போது, இந்த ரேடியோவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இன்னொரு வேடிக்கை. உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறி கொடுத்திருக்கிறார்கள். கோவை நகரம் எம்கே81, ஆனைமலை எம்கே80. வால்பாறையும் எம்கே80! மலை மேலா, அடிவாரமா என்று அந்தக் குறியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் எஃப்டி8-ஐ அளவுக்கு மீறிப் புகழ எனக்கு மனமில்லை. கால் சைன், கட்டம், சிக்னல் அளவு, இவ்வளவுதான் அதன் பேச்சு. சொந்தமாக எழுதினால் ஒரு முறைக்கு 13 எழுத்து. “அத்தை நலம்” என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும், மருந்து வேண்டும் என்று எப்படிச் சொல்வது? 2018-ல் வந்த ஜேஎஸ்8கால் என்ற இலவச சாஃப்ட்வேர் இதற்காகவே உள்ளது. அடிப்படை அதே எஃப்டி8, ஆனால் நீளமாக டைப் செய்யலாம், நடுவிலுள்ள ஒரு நிலையம் வழியாகச் செய்தியைக் கடத்தவும் முடியும். வேகம் குறைவு, பொறுமை வேண்டும்.

டிரான்ஸ்மிட் செய்ய லைசென்ஸ் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, வியூ என்று தொடங்கும் கால் சைன் பெற்றபிறகே பட்டனை அழுத்த வேண்டும். கேட்டுப் பழக இப்போதே வழி உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்து ரிசீவரை பிரவுசரில் திறந்து, 7074 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, யுஎஸ்பி என்பதைக் கிளிக் செய்யுங்கள். இது கேபிள் யுஎஸ்பி அல்ல, அப்பர் சைடு பேண்ட். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை எஃப்டி8-ல் வைத்து, ஸ்பீக்கர் ஒலியை மைக் கேட்கும்படி விடுங்கள். ஒரு நிமிடத்தில் வரிகள் வரத் தொடங்கும்.

அடுத்த சனிக்கிழமை நண்பரும் நானும் ஜேஎஸ்8கால் போட்டுப் பார்க்கப் போகிறோம், இந்த முறை சார்ஜரைப் பிடுங்கிவிட்டு.