மாவுச்சத்தைக் குறைப்பதா, மாற்றுவதா?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உலகில் அதிகம் பேருக்கு வரும் புற்றுநோய்களில் 3ஆவது இடத்திலும், உயிரிழப்பில் 2ஆவது இடத்திலும் இருக்கிறது. 2022இல் சுமார் 19 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பாதிப்பு குறைவுதான். ஆனால் தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை என்று நம் சாப்பாடு மாறிவரும் வேகத்தைப் பார்த்தால் அலட்சியமாக இருக்க முடியாது.

இந்தப் பயத்தில் சிலர் சோற்றையே விட்டுவிடுகிறார்கள். சிலர் சிறுதானியத்துக்கு மாறுகிறார்கள். வேறு சிலர் நார்ச்சத்துப் பொடி வாங்கிக் கரைத்துக் குடிக்கிறார்கள். இவற்றில் எது குடலுக்கு உண்மையில் நல்லது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஆய்வுகள் சொல்வது

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுக்குழு இரண்டு முறை இதை எலிகளிடம் சோதித்தது. 2014இல், குடல் புற்றுநோய்க்கான மரபணுக் கோளாறு உள்ள எலிகளுக்கு மாவுச்சத்தைக் குறைத்தபோது குடல் கழலைகள் (புற்றுநோயாக மாறக்கூடிய சிறு வளர்ச்சிகள்) குறைந்தன. 2025இல் வெளிவந்த ஆய்வில் நேர்மாறாக நடந்தது. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த உணவோடு, மரபணுவைச் சேதப்படுத்தும் நச்சைச் சுரக்கும் ஒருவகை ஈ.கோலி பாக்டீரியாவும் குடலில் இருந்தபோது கழலைகள் கூடின. நார்ச்சத்தைச் சேர்த்ததும் பாதிப்பு குறைந்தது. மாவுச்சத்து நல்லதா கெட்டதா என்று மொத்தமாகத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எந்த வகை மாவுச்சத்து, அதோடு நார்ச்சத்து எவ்வளவு, யாருடைய குடல் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கட்டுரையின்படி, அன்றாட உணவில் நார்ச்சத்து 10 கிராம் கூடும்போது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 10 விழுக்காடு குறைவாக இருந்தது. முழுத்தானியம் 90 கிராம் கூடினால் சுமார் 17 விழுக்காடு குறைவு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும், முழுத்தானியமும் நார்ச்சத்துள்ள உணவும் இந்த ஆபத்தைக் குறைக்கக்கூடியவை என்றே மதிப்பிட்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? சிறுகுடலில் செரிக்காத நார் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய ஆகாரமே அதுதான். தவிர, நார் மலத்துக்குப் பருமன் தந்து அதைச் சீக்கிரம் வெளியேற்றுவதால், கெடுதலான பொருள்கள் குடல் சுவரில் படும் நேரமும் குறைகிறது.

வெள்ளை அரிசியும் மைதாவும்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. மைதாவிலும் அவ்வளவுதான். புழுங்கல் அரிசியில் சற்றுக் கூடுதல்.

வெள்ளை அரிசிக்கும் குடல் புற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே சோற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று வேளையும் தட்டை அதுவே அடைத்துக்கொண்டால் பயறுக்கும் காய்க்கும் இடமில்லாமல் போகிறது. அளவு மீறினால் உடல் பருமனும் சர்க்கரை நோயும் வரும். அவை இரண்டுமே குடல் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை. சோறு ஒருவேளைக்கு இருக்கட்டும். பரோட்டா எப்போதாவது போதும்.

சோற்றை ஆறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத மாவாக மாறி, நார்ச்சத்தைப் போல வேலை செய்யும். பழைய சோற்றுக்கு இந்த நன்மை உண்டு. ஆனால் 100 கிராம் சோற்றுக்கு ஒரு கிராம் அளவில்தான் அது கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சிறுதானியமும் முழுத்தானியமும்

100 கிராம் கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமை ஆகியவற்றில் நார்ச்சத்து 11 கிராமைத் தொடுகிறது. சோளத்தில் 10. சாமையில் 8க்குச் சற்றுக் குறைவு, வரகில் 6க்கு மேல்.

வாங்கும்போது கவனம் தேவை. சாமை, வரகு, குதிரைவாலி, தினை ஆகியவற்றை இப்போது அரிசிபோலவே தீட்டி விற்கிறார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். பளிச்சென்று வெளுத்து, வழவழவென்று இருந்தால் தவிடு போய்விட்டது என்று பொருள். மங்கலான பழுப்பு நிறத்தில், தொட்டால் லேசாகத் தவிடு ஒட்டினால் அதுதான் தீட்டாதது. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கேழ்வரகில் இந்தத் தொல்லை குறைவு. அதன் தோல் உள்மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் முழுசாகவே அரைபடுகிறது. குழம்பிப்போகிறவர்கள் கேழ்வரகிலிருந்தே தொடங்கலாம்.

‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட், ‘ராகி மால்ட்’ போன்றவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் வருவதுதான் அதில் அதிகம் இருப்பது. அது மைதாவோ சர்க்கரையோ என்றால் கீழே வைத்துவிடுங்கள். நார்ச்சத்து அளவு போட்டிருந்தால் ஒரு எளிய கணக்கு உண்டு: 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு கிராம் நார்ச்சத்தாவது இருக்க வேண்டும்.

பயறும் சுண்டலும்

என்னைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான். 100 கிராம் கொண்டைக்கடலையில் நார்ச்சத்து 25 கிராம், முழுப் பச்சைப்பயறில் 17 கிராம். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் அது 9 கிராமாக இறங்கிவிடுகிறது. பருப்பாக வாங்குவதில் பாதியைத் தோலுள்ள பயறாக மாற்றினாலே பெரிய லாபம். விலையும் கட்டுப்படியாகும், புரதமும் கிடைக்கும். வாயுத்தொல்லைக்குப் பயப்படுகிறவர்கள் இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து, சிறிய அளவில் தொடங்கலாம்.

சர்க்கரையும் குளிர்பானமும்

மாவுச்சத்திலேயே குறைக்க வேண்டியது இதுதான். அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் ஒரு முடிவை வெளியிட்டது. நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புப் பானம் குடித்த பெண்களுக்கு, வாரத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட, 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது. தினசரி சக்தித் தேவையில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள்ளும் சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 விழுக்காடு என்பது சுமார் 6 தேக்கரண்டி. நாலு டம்ளர் காபி, டீயிலேயே அது முடிந்துவிடும்.

பேலியோவும் கீட்டோவும்

எடை குறைவதும் ரத்தச் சர்க்கரை இறங்குவதும் மாவுச்சத்தைக் குறைக்கும் இந்த உணவுமுறைகளின் பலன்கள். கீட்டோ உணவில் உடலில் உண்டாகும் ஒரு பொருள் எலிகளின் குடல் கட்டிகளைக் கட்டுப்படுத்தியதாக 2022இல் ஓர் ஆய்வும் வந்தது. ஆனால் இறைச்சியும் வெண்ணெயுமாக, நாரே இல்லாமல் உண்பது குடலுக்கு நல்லதல்ல. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி உண்டாக்கும் சாத்தியமுள்ளது என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. மாவுச்சத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் கீரை, காய், கொட்டைகள், மீன் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நார்ச்சத்துப் பொடி

மலச்சிக்கலுக்கு உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கோதுமைத் தவிடு சேர்த்துக் கொடுத்தும் குடல் கழலைகள் திரும்ப வருவது குறையவில்லை என்று 2000இல் வெளியான அமெரிக்கச் சோதனை காட்டியது. உணவை மாற்றும் வேலையைப் பொடி செய்துவிடாது.

ஒரு நாள் கணக்கு

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. காலையில் 60 கிராம் கேழ்வரகு மாவில் தோசையோ களியோ என்றால் 6.7 கிராம். மதியம் 100 கிராம் அரிசியில் சோறு, 40 கிராம் துவரம்பருப்பில் சாம்பார் என்றால் இரண்டும் சேர்த்து 6 கிராமுக்கு மேல். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 7.5 கிராம். 100 கிராம் கொய்யா 8 கிராமுக்கு மேல். காய், கீரையைச் சேர்க்காமலேயே 25ஐத் தாண்டிவிட்டோம். ஒரே நாளில் இப்படி மாறாமல் சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், குடல் அடைப்போ குடல் அழற்சி நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மாவுச்சத்து அளவை மாற்றினால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. உணவு ஆபத்தைக் குறைக்குமே தவிர, அடியோடு நீக்கிவிடாது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை இழப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி நாட்டு மருந்து தேடாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், எந்த வயதில் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். தட்டைப் பொறுத்தவரை முடிவு எளிது: சர்க்கரையைக் குறையுங்கள், சோற்றில் ஒரு பங்கைத் தீட்டாத தானியமாகவும் தோலுள்ள பயறாகவும் மாற்றுங்கள்.